மீன் தின்னாத பாசி

அந்த ஏரியின் மீன்கள் பாசியில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. அதனால்தான் படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டதும் அந்த மிச்சம் நாச்சிமுத்துவின் கண்ணில் பட்டது. அடிப்பலகை முழுவதும் வழித்துத் தின்ற தட்டு மாதிரி சுத்தமாக இருக்க, நடுவில் ஓரிடத்தில் மட்டும் பச்சைப் பாசி அப்படியே நின்றது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் நீளநீளமாக நாலு கோடு. சற்றே ஒதுங்கி, குட்டையாக இன்னொன்று.

குனிந்து பார்த்தான். நிமிர்ந்து ஏரியைப் பார்த்தான். சாயங்கால மூடுபனி தண்ணீர் மேல் படர்ந்து, எதிர்க்கரை மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் குனிந்தான். கைதான். பலகையைக் கீழேயிருந்து மேலே தள்ளுகிற கை.

"பாசிக்கு என்ன தெரியும், அதுபாட்டுக்கு வளரும்" என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சத்தமாகவே சொன்னான். அரிவாளை எடுத்துச் சுரண்டினான். வழவழவென்று கழன்று வந்தது. அடியில் மரம் தெரிந்தது. கையைக் கழுவியும் வாசம் மட்டும் போகவில்லை. பல நாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாசம். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போதும் அது கூடவே வந்தது.

மலைமேல் இருந்த குண்டனி நாட்டுக்குப் படகு என்று ஒன்று வந்ததே அவனால்தான். சேந்தமங்கலத்தில் பாகப்பிரிவினையில் அண்ணன்மார்களோடு மனம் கசந்து, மிளகும் காப்பியும் வைத்து அவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று மலையேறியவன். வந்ததும் வராததுமாக, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடிய ஓடையை மண்கரை போட்டு மறித்தான். தண்ணீர் ஏறி ஏரியாகிவிட்டது. ஏரி என்றால் பெரிய ஏரி இல்லை; இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் காது கேட்கும். ஆனால் அதன் அடியில் ஒரு சாமைக்காடு கிடந்தது. சென்றாயனுடைய காடு. அவன் பாட்டன் காலத்திலிருந்து கொத்திக் கொத்திப் பழுத்த மண்.

நாச்சிமுத்துவின் வீடு ஏரிக்கு மேல்புறம், மலையிறங்கும் ஒற்றையடிப் பாதை எதிர்க்கரையில். மண்கரை மேல் மூட்டை தூக்கி நடந்தால் வழுக்குகிறது என்று, ஏற்காட்டில் யாரோ ஒரு துரை ஓட்டிச் சலித்துப் போட்ட படகை வாங்கினான். அடிவாரம் வரை வண்டியிலும், அதற்கு மேல் ஆட்கள் தலையிலுமாக அது மலையேறியது. மலை ஜனங்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைவிடச் சந்தோஷப்பட்டவை மீன்கள்.

ஓடையில் கல்லோடு ஒட்டிக்கொண்டு பாசி மேயும் சின்னக் கறுப்பு மீன்கள் அவை. வாய் தலைக்கு அடிப்பக்கம் இருக்கும். தண்ணீர் ஏறியதில் மேய்கிற கல்லெல்லாம் ஆழத்துக்குப் போய்விட, மிதக்கிற கல் ஒன்று வந்து சேர்ந்ததென்று படகின் அடியில் போய் அப்பிக்கொண்டன. படகில் உட்கார்ந்து பேச்சை நிறுத்தினால் கேட்கும். சர்... சர்... சர்... மாடு பாறையை நக்குகிற சத்தம். முதலில் நாச்சிமுத்துவுக்கு அது பிடித்தே இருந்தது.

மலையில் அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை, அது தின்னும் பாசியையும் தொடுவதில்லை. "அது மீன் பங்குங்க. நம்ம பங்கு கரையில, அதும் பங்கு தண்ணியில. அதும் வாயிலிருந்து புடுங்கலாமுங்களா?" என்று சென்றாயன் ஒரு தடவை சொன்னான். நாச்சிமுத்து சிரித்தான்.

அப்படிச் சொன்னவனையே தண்ணீருக்குள் இறக்கிப் பாசி சுரண்ட வைத்தவன் அவன். மண்கரையை வெட்டிவிடுவேன் என்று சென்றாயன் மண்வெட்டியோடு வந்து நின்ற அன்றுதான் அது நடந்தது. நாச்சிமுத்து கோபப்படவில்லை. "மழைக்கு மீனு தின்னு மாளல, பாசி ஏறிப் படகு கனத்துக் கெடக்குதப்பா. அதைச் சுரண்டிக் குடு. மழை நின்னதும் மடையைத் தொறந்து உன்ற காட்டை உனக்கே காட்டறேன்" என்றான். சென்றாயன் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தான். காட்டு ஆசை பொல்லாதது. மண்வெட்டியை வைத்துவிட்டு, மீன்களைப் பார்த்துக் கும்பிட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு, நடு ஏரியில் படகின் அடியில் போனான்.

யோசித்துச் செய்ததில்லை, ஏதோ அந்த நேரத்துப் புத்தி என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பொய். கழியை ஊன்றி, தலை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் படகை நகர்த்தினான். வலது பக்கம். இடது பக்கம். மறுபடி வலது. மூச்சுக்கு வழியில்லாமல் அடியிலிருந்து இரண்டு கைகள் பலகையைத் தட்டின. அந்தத் தட்டு மரத்தின் வழியாக அவன் உள்ளங்காலில் ஏறியது. பலமாக, பிறகு மெதுவாக, பிறகு யாரோ கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. பிறகு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மீன்களின் சத்தம் மட்டும் கேட்டது.

உடல் மிதக்கவே இல்லை. சாமைக்காட்டிலேயே தங்கிவிட்டது போலும். ஊரில் கேட்டவர்களிடம், சென்றாயன் மில் வேலைக்குச் சேலம் போய்விட்டான் என்று சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

சென்றாயனின் பெண்டாட்டி அத்தாயி அவனிடம்தான் மிளகு பறிக்க வந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, போனவரு ஒரு தாக்கலும் சொல்லி உடலீங்களே" என்பாள். "வருவான் ஆத்தா. சேலம்னா சும்மாவா, பாத்த கண்ணு திரும்புமா?" என்பான். "சொல்லாம போக மாட்டாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிடுவாள். அவள் அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கை மறுபடி வந்தது. இம்முறை இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், தோள் அகலத்துக்கு விலகி. சுரண்டினான். அடுத்து இழுத்துப் போட்டபோது இரண்டு கைகளும் முழங்கை வரை இருந்தன. சுற்றிலும் மீன்கள் தின்று தீர்த்திருந்தன. அந்த ஓரத்தை ஒரு இம்மிகூடத் தாண்டவில்லை, கோலத்தை மிதிக்காமல் நடக்கிற பிள்ளைகள் மாதிரி ஒதுங்கி ஒதுங்கி மேய்ந்திருந்தன. சுரண்டினான். அரிவாள் மொக்கையானதுதான் மிச்சம்.

படகைத் தண்ணீரில் விடுவதையே நிறுத்தினான். வெயிலில் கவிழ்த்துப் போட்டால் பாசி காய்ந்து தூளாகத்தானே வேண்டும்? காயவில்லை. ஐப்பசி மாதத்தில் அத்திபூத்தாற்போல ஒரு வெயில் அடித்த நாளிலும் தொட்டால் ஈரமாக, குளிர்ந்து, தோல் மாதிரி அமுங்கியது. வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கம்பளியில், தலையணையில், உலைத் தண்ணீரில். அடுப்பில் விறகு வைத்து ஊதினால் புகைக்குப் பதிலாக அதுதான் எழுந்தது. மாலையில் பனி இறங்கி வீட்டைச் சுற்றி அடைத்துக்கொண்டதும், ஏரிப் பக்கத்துச் சுவரில் தரையோடு ஒட்டிச் சத்தம் கேட்கும். சர்... சர்... அவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு சுவரருகே போனால் நின்றுவிடும். உட்கார்ந்தால் தொடங்கும்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவனுக்கு வழியெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே பயமாக இருந்தது.

அப்போதுதான் மலைக்காரர்களின் ஒரு வழக்கம் அவன் நினைவுக்கு வந்தது. போன மழைக்காலத்தில் ஓடை வெள்ளத்தில் போன ஒருவனுக்கு அவர்கள் செய்ததைப் பார்த்திருக்கிறான். சாமைச் சோறு ஆக்கி, உப்பில்லாமல், முழங்கால் தண்ணீரில் நின்று, செத்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மீனுக்குப் போட்டார்கள். மீன் தின்றால் போனவனுக்குப் பசி ஆறிவிட்டது, அவ்வளவுதான், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். "போடாமயே உட்டுட்டா?" என்று வேடிக்கையாகக் கேட்டிருந்தான். "போடாம ஆருங்க இருப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

சென்றாயனுக்கு யாரும் போடவில்லை. எப்படிப் போடுவார்கள்? அவன்தான் சேலத்தில் இருக்கிறானே.

விடியற்காலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நாச்சிமுத்து சோற்றுச் சட்டியோடு தண்ணீரில் இறங்கினான். சாமைக்கு அவன் வீட்டில் எங்கே போவது? நெல்லுச்சோறுதான். பழக்கத்தில் உலையில் உப்பும் போட்டிருந்தான். பனிக்குள் தன் கையே மங்கலாகத் தெரிந்தது. "சென்றாயா" என்றான். "டேய் சென்றாயா. வா. வந்து தின்னுட்டுப் போ."

சோறு வெள்ளையாக மூழ்கி அடியில் படிந்தது. மீன்கள் வந்தன. ஒன்றிரண்டாக, பிறகு கூட்டமாக, எள்ளைக் கொட்டியதுபோல. சோற்றின் மேல் நீந்தின. ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. சோற்றைத் தாண்டி வந்தன. அவன் பாதத்தில் வாய் வைத்தன.

வலிக்கவில்லை. அதுதான் கொடுமை. மெத்துமெத்தென்று, ஆசையாக, கணுக்காலைச் சுற்றி, விரலிடுக்கில், சர் சர்ரென்று. அவன் கத்தியபடி கரைக்குத் தாவினான்.

கரையில் அத்தாயி நின்றிருந்தாள். தலையில் விறகுக்கட்டு.

"ஆருக்குங்க சோறு?"

"மீனுக்குத்தான். பாவம், வாயில்லாச் சீவன்."

"மீனுக்குங்களா." அவள் தண்ணீருக்குள் வெள்ளையாகக் கிடந்த சோற்றைப் பார்த்தாள். "பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களே."

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கழுத்து நரம்பு ஒன்று மட்டும் துடித்தது. கடைசியில், கடையில் பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள்: "உப்புப் போட்டுட்டீங்களாட்டம். திங்காதுங்க." விறகுக்கட்டோடு பனிக்குள் போய்விட்டாள்.

அன்று மதியம் அவன் உள்ளங்கை ரேகைகளில் பச்சை தெரிந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தான். புளி போட்டுத் தேய்த்தான். செங்கல்லால் தேய்த்து ரத்தம் வந்தது; ரத்தம் நின்ற இடத்தில் பச்சைதான் இருந்தது. மறுநாள் விரல்களிலும் ஏறியது. உள்ளங்காலிலும். நடந்தால் தரை வழுக்கியது. செம்பைப் பிடித்தால் நழுவியது. பாசி. அவன் மேல் பாசி வளர்ந்துகொண்டிருந்தது.

போய்விட வேண்டும். காப்பியாவது மிளகாவது, உயிர் இருந்தால் உப்பு விற்றுப் பிழைக்கலாம். சேந்தமங்கலத்தில் பெண்டாட்டி பொன்னாத்தாள் இருக்கிறாள், காய்ந்த வெயில் இருக்கிறது, ஏரி இல்லாத தெரு இருக்கிறது. அங்கே போய் இறங்கிவிட்டால் பிழைத்தான். துணிமணியை மூட்டை கட்டினான்.

மழை விடவில்லை. மண்கரையின் மேல் தண்ணீர் வழிந்து, நடுவில் அரித்து, செக்கச்செவேலென்று அருவி மாதிரிக் கொட்டியது. அதில் கால் வைத்தால் பள்ளத்தாக்கில்தான் போய் விழ வேண்டும். இருப்பது ஒரே வழி.

மதிய நேரம்தான், ஆனால் மலைப்பனியில் எது மதியம், எது மாலை? துறைக்கு வந்தவன் நின்றுவிட்டான். கவிழ்த்துப் போட்டிருந்த படகு தண்ணீரில் நின்றது. அதன் மேல் கழியோடு அத்தாயி. அவள் காலடியில் மூடி வைத்த ஒரு சட்டி.

"நாந்தானுங்க இறக்குனேன். நீங்க போவீங்கன்னு தெரியும்."

கழியை அவன் பிடுங்கினான். அது கையில் நிற்கவில்லை, எண்ணெய் பூசியதுபோல வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. அவள் அவன் கைகளைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"உட்காருங்க. நான் தள்ளறேன்."

அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. எதிர்க்கரையைப் பார்த்தான், பனிதான் இருந்தது. பின்னால் அருவிச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். இதைத் தாண்டினால் பாதை. பாதையில் இறங்கினால் வெயில்.

படகு நகர்ந்தது. கழி தண்ணீரில் இறங்கும் சத்தம், ஏறும் சத்தம். அடியில் சர்... சர்... கூடவே வந்தது. கரை மறைந்தது. அருவிச் சத்தமும் பனிக்குள் அமுங்கியது. பச்சை வாசம் மூக்கை அடைத்தது. அவன் வாயால் மூச்சு விட்டான்.

மீன்களின் சத்தம் நின்றது.

படகும் நின்றது.

"தள்ளு."

"தள்ளிக்கிட்டுத்தானுங்க இருக்கேன்." கழி வில்லாக வளைந்தது. "நகர மாட்டேங்குது. அடியில புடிச்சிருக்கு."

"பாசியா?"

"பாசியோ, ஆரோ." அவள் கழியை எடுத்துப் படகில் குறுக்கே வைத்தாள். "சுரண்டுனாத்தான் போகுமுங்க. நீங்க எறங்கிச் சுரண்டுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"அவரு எறங்குனாருங்களே."

அவன் படகின் விளிம்பைப் பற்றினான். கை வழுக்கியது.

"எனக்குத் தெரியாமயே இருந்துச்சுங்க. சேலத்துல இருக்காருன்னே நெனைச்சுக்கிட்டு, ராவுல கதவுக்குத் தாழ் போடாம படுத்தேன். நீங்க சோறு போட்டுத்தான் தெரிஞ்சுது. படகைப் பொரட்டையில அடியில அவரு கையையும் பாத்தேனுங்க." அவள் குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சும் நானாக் கூப்பிட முடியாதுங்க. கட்டுனவன் பேரைப் பொண்டாட்டி சொல்லக்கூடாது. நீங்க சொல்லிட்டீங்க. பேரு சொல்லி, வான்னு கூப்பிட்டு, திங்கறாப்பல ஒண்ணும் வைக்காம உட்டுட்டீங்க. பசியோட வந்தவரு வெறும் வாயோடயா திரும்பிப் போவாரு?"

அப்போது தட்டியது.

உள்ளங்காலில். பலகைக்கு அடியில். ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல.

அவன் எழுந்தான். கழியைப் பிடுங்கவா, அவளைத் தள்ளவா, அவனுக்கே தெரியாது. பச்சை ஏறிய பாதம் பலகையில் நிற்கவில்லை. வழுக்கியது.

தண்ணீர். குளிர். காதுக்குள் இரைச்சல். உதைத்து மேலே வந்தான். தலை மரத்தில் இடித்தது. வலது பக்கம் போனான். மரம். இடது பக்கம். மரம். ஒரே ஒரு முறை விளிம்பில் முகம் வெளியே வந்தது. ஒரு வாய் காற்று. பனி. அவள் முகம், மேலே. கையில் கழி.

"உங்க ஊட்டுல கேட்டா, சேலம் போயிட்டாருன்னு சொல்லிக்கிறேனுங்க."

படகு அவன் மேல் வந்தது.

கண்ணைத் திறந்தான். பச்சை வெளிச்சம். தலைக்கு மேல் அடிப்பலகை. முழுப் பலகையும்.

மீன்கள் சுற்றிலும் தின்றிருந்தன. விட்டது ஒரு ஆளை. விரித்த கைகள். தோள். மார்பு. கால்கள். தலை. அந்தத் தலையில், ஓர் இடத்தில் மட்டும் பாசியைத் தின்றிருந்தன. வட்டமாக. வெறும் மரம்.

திறந்த வாய்.

தட்டினான். இரண்டு கையாலும். பலமாக. மேலே இரண்டு பாதம் நிற்கும். அவற்றுக்குத் தெரியும். அவை அசையவில்லை. தட்டினான். மெதுவாக.

படகின் ஓரத்தில் ஏதோ விழுந்தது. சாமைச் சோறு. உப்பில்லாத சோறு. பொடிப்பொடியாக, அவன் முகத்தைத் தாண்டி, கீழே, மூழ்கிய காட்டை நோக்கி இறங்கியது. மீன்கள் திரும்பின. தின்றன. ஒரு பருக்கை விடாமல்.

பலகைக்கு இனிச் சென்றாயனைச் சுமக்கத் தேவையில்லை என்பதுபோல, அதிலிருந்து பச்சைக் கைகள் பிரிந்தன. முதலில் விரல் நுனி. பிறகு மணிக்கட்டு. நிதானமாக, வீட்டுக்கு வந்தவரை அணைப்பதுபோல, அவை நாச்சிமுத்துவின் கழுத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன. அந்த வட்ட வாய் அவன் வாய்மேல் வந்து ஒட்டியது.

சோறு தீர்ந்த மீன்கள் வந்தன. அவன் உள்ளங்கையில் வளர்ந்திருந்த பாசியில் வாய் வைத்தன.

சர்.

சர்.

சர்.